இரண்டு பாதமும் பதிந்த வண்டி

என் செல்ல மகளே,

உன் அப்பா பைக் விபத்தில் போன பிறகு இந்த வீட்டில் பைக் பேச்சே கூடாது என்றவள் நான். நேற்று யாரிடமும் சொல்லாமல் ப்ளோவ்திவ் நகரத்துக் கடைக்குப் போனேன். நம் இருவருக்கும் ஒரே உயரம்தானே. ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.

"உங்களுக்காம்மா?" என்று கடைக்காரன் சிரித்தான்.

"என் பொண்ணுக்கு. முதல் வண்டி. அழகு கிடக்கட்டும், கால் எட்டணும்," என்றேன்.

நீ ஆசைப்பட்ட சிவப்பு வண்டியில் நுனிவிரல்தான் தொட்டது. ஐந்நூறு சிசி கறுப்பில் இரண்டு பாதமும் பதிந்தன. அதையே வாங்கு.

முதலில் தனியாக ஓட்டிப் பழகு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் இருக்கும் மடத்துக்குப் போகலாம். தூரம் போகிறவர்களின் பயணம் தண்ணீர் போலத் தடையில்லாமல் ஓடட்டும் என்று வாசலில் தண்ணீர் ஊற்றி வழியனுப்புகிறவள் எப்போதும் நான்தான். அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு பென்காவை ஊற்றச் சொல்லியிருக்கிறேன். நான் உன் பின்சீட்டில் இருப்பேன்.

அம்மா