மண் பூசி ஆடிய ஆட்டம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இன்று காலை சிற்றாற்று மணலில் ஒரு பையனின் தோளில் கை வைத்தேன். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. முகர்ந்து பார்த்தால் நல்லெண்ணெய். சாரல் தொடங்கிவிட்டதல்லவா, பயல் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு நேரே சடுகுடு ஆட வந்திருக்கிறான். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் சீசன் இது. அந்த வாசனை, சிவகிரிப் பையன்களோடு நாம் மோதிய நாளில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

நீங்கள் டிரில் மாஸ்டர். நான் சரித்திர வாத்தியார். பானிப்பட்டுப் போர்களைத் தொந்தி குலுங்க நடத்துவேனே தவிர, ஓடுகிற பஸ்ஸை ஒரு நாளும் எட்டிப் பிடித்ததில்லை. உங்களுக்குச் சடுகுடு என்றால் உயிர். நம் ஹெட்மாஸ்டருக்கோ அது தெருச்சண்டை. அவர் பையனே ஒரு நாள் ஆட்டத்தில் சட்டை கிழிந்து வீட்டில் போய் நின்றதும், அவர் வீட்டம்மாள் அவரை ஒரு வாரம் வறுத்தெடுத்ததும் ஊருக்கே தெரிந்த ரகசியம். அந்தக் கோபத்தில், "சிவகிரிக்காரங்களைச் செயிச்சா ஆட்டம் இருக்கும். தோத்தா மைதானத்துல வெறும் டிரில்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பந்தயத்தன்று காலை, உடம்பு இளகட்டும் என்று பையன்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவிக்குக் கூட்டிப் போனீர்கள். சீயக்காய் எங்கே என்று கேட்டேன்.

"அம்புட்டுத் தண்ணி தலைல விழுது, எண்ணெய் நிக்குமாவே?" என்றீர்கள்.

நின்றது. சிவகிரிக்காரர்கள் பிடித்த பிடியெல்லாம் விரால் மீனைப் பிடித்த கதையாயிற்று. நம்மவர்கள் நழுவி நழுவிக் கோட்டைத் தொட்டார்கள். நான் தட்டிய தட்டில் கை சிவந்துவிட்டது. நீங்கள் மட்டும் திரும்பி வந்த ஒருவனின் தோளைத் தடவிப் பார்த்தீர்கள். முகம் செத்துப்போயிற்று. விசிலை எடுத்தீர்கள்.

"அண்ணாச்சி, சும்ம இரிங்க. அவங்களே ஒண்ணும் சொல்லல. தோத்தா ஆட்டமே போயிரும்லா" என்று காதைக் கடித்தேன்.

"நான் செஞ்ச கோட்டிக்காரத்தனத்துக்கு அந்தச் சிவகிரிப் பிள்ளைங்க தோக்கணுமாவே? அப்படி ஆட்டம் இருந்து என்னத்துக்கு?"

ஊதிவிட்டீர்கள். "ஏலே, எல்லாவனும் வெளிய வாங்கலே. மண்ணை அள்ளித் தேய்ங்க."

எடுத்த புள்ளியெல்லாம் ரத்து, முதலிலிருந்து ஆட்டம். சுட மறந்த மண்பொம்மைகளைப் போல நம் பையன்கள் மறுபடி இறங்கினார்கள். கடைசிப் பிடியில் தோற்றோம். ஹெட்மாஸ்டர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே மைதானத்தில் சடுகுடு இல்லை.

அதற்கடுத்த நாள் விடியலில், தொந்திக்காக வைத்தியர் சொன்ன நடையை நடந்துகொண்டு ஆற்றுப்பக்கம் வந்தேன். அங்கே சாரலில் நனைந்தபடி பையன்கள் நிற்க, நீங்கள் மணலில் காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தீர்கள்.

"பள்ளிக்கூடந்தானவே வேண்டாம்னுச்சு. ஆறு ஒண்ணும் சொல்லலியே. வந்தது வந்தீரு, அங்கன நின்னு, சடுகுடு பாடுதவன் மூச்சு விடுதானான்னு பாரும்."

அன்று நின்றவன்தான் நான். ஹெட்மாஸ்டர்கள் மாறினார்கள், யாரும் ஆட்டத்தைத் திரும்ப உள்ளே விடவில்லை. யுத்தம் வந்தது, அரிசி கிடைக்காமல் போனது. ஆறு அழித்த கோட்டை மறுநாள் காலையில் நீங்கள் மறுபடி கிழித்தீர்கள்.

இப்போது கிழிப்பது நான். குனிந்தால் என் கால் எனக்கே தெரிவதில்லை என்பதால் கோடு கொஞ்சம் கோணல்தான். உங்கள் வீட்டம்மாள் கொடுத்தனுப்பிய விசிலை ஊதினால் பாதி வெறும் காற்று. "இந்த வயசுல இது உமக்கு எதுக்கு ஓய்?" என்கிறார் இப்போதைய ஹெட்மாஸ்டர். நாளைக்கும் போவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று அந்த எண்ணெய்த் தோள்காரன் முனகினான். "சார், நாங்கதான செயிச்சிட்டு இருக்கோம்."

"அதாம்லே சொல்லுதேன். போயி மண்ணைத் தேச்சிட்டு வா. மொதல்ல இருந்து ஆடுவோம்."

அவன் வரும்வரை உங்கள் விசிலை வாயில் வைத்தபடி கோட்டருகே நின்றிருந்தேன்.