பந்தல் சுவரில் உன் கடிதம்

கொல்கத்தா,
மகாளயத்துக்கு முந்தின வியாழக்கிழமை.

என் டுனுவுக்கு,

நீ இதை வாசிக்கும்போது சாப்பிட்டு முடித்து ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கும். உன் அண்ணன் தேபு இதைப் படமெடுத்து இன்றைக்கே மஸ்கட்டுக்கு அனுப்பிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளப் கூடத்தில் இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. மேடையில் கிளப் செயலாளர் ஹாபுல் தத்தா, பந்தல் கட்டுகிற ஓவியன் அர்கதீப், எழுத்தாளர் பிரியதோஷ் சான்யால். கீழே தேபு, அவன் பெண்டாட்டி சுதேஷ்ணா, மூன்றாவது வரிசையில் நான், முதல் வரிசையில் உன் மகள் ரிமி. மற்ற நாற்பது பேரும் தேநீருக்கு வந்தவர்கள்.

இந்த வருஷம் நம் தெருத் துர்க்கைக்கு, வீடுகளில் எழுதிப் போட்ட பழைய தாள்களாலேயே பந்தல். போன வருஷம் ஓட்டைப் பாத்திரம், அதற்கு முன்னால் கிழிந்த குடை, வீடு வீடாக வந்து வேண்டாததை வாங்கிப் போவார்களே, அதேபோல ஹாபுல் வந்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மா, கட்டிலுக்கடியில இருக்கிற பெட்டியைக் கொடுத்துடட்டுமா, எல்லாம் கரண்டு ரசீதுதானே என்று சுதேஷ்ணா உள்ளேயிருந்து கேட்டாள், கொடு கொடு, கரப்பானாவது குறையட்டும் என்று சொன்னது நான்தான். ரசீதுக் கட்டுக்கு அடியில் உன் கடிதங்களை ஒளித்து வைத்து அதை மறந்ததும் நான்தான், உன் பிறந்த நேரத்தை நிமிஷத்தோடு சொல்கிற நான். அவளை நீ ஒன்றும் சொல்லாதே, இரண்டு நாளாக நான் சொன்னதே போதும்.

பூஜைக்கு முன்னால் ஓவியரையும் எழுத்தாளரையும் உட்காரவைத்து, உங்களுக்கு இதெல்லாம் எப்படி வருகிறது என்று கேட்பார்களே, அந்தக் கூட்டம்தான் அது. மேடையிலேயே பந்தல் சுவரின் ஒரு பலகையை நிறுத்தியிருந்தார்கள், முழுக்கத் தாள். அர்கதீப் நகத்தில் பசையோடு வந்து உட்கார்ந்து, நான் எதையும் படிக்க மாட்டேங்க, படிச்சா ஒட்டக் கை வராது, மையோட நிறத்தை மட்டும் பார்ப்பேன் என்றான். சான்யால் சிரித்து, நீ சுவர் கட்டறவன்டா தம்பி, உள்ள யார் குடியிருக்காங்கன்னு பார்க்கிறது என் வேலை என்றார். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அவர், எனக்குக் கதை காகிதத்துல வராது, ஒரு வரியைப் படிச்சுட்டுக் கேக்கிறவங்க முகத்தைப் பார்ப்பேன், அடுத்த வரி அங்கதான் இருக்கும், இப்பவே செஞ்சு காட்டறேன் என்று எழுந்து பலகையில் ஓரம் மட்டும் ஒட்டியிருந்த ஒரு தாளை உருவினார்.

டுனு, அது நீ துர்காபூர் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபோது எழுதினது. அம்மா, நீ சொன்னபடியே அப்பா செத்துப்போய்விட்டார் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டேன், அவர் ஜல்பைகுரியில் வேறு குடும்பம் வைத்திருப்பது குழந்தைக்கு என்றைக்கும் தெரிய வேண்டாம், குழந்தை அவருடைய செருப்பைப் பூந்தொட்டியில் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். ரிமி அழவில்லை. எழுந்து போய்க் கையை நீட்டி, கொடுங்க, அது எங்கம்மா கையெழுத்து என்றாள். அர்கதீப் எழுந்து பலகையைக் குப்புறப் போட்டான். மறுநாள் நம் வீட்டுத் தாள் ஒவ்வொன்றையும் சுவரிலிருந்து ஈரத்துணி வைத்துப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த இடத்தை வேறு எதையும் வைத்து மூடவில்லை, மூங்கில் தெரிய அப்படியே விட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் ரிமி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். திதா, அந்தச் செருப்புக் கதையை என் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் சொல்லிச் சிரிச்சீங்களே, எதுக்குச் சிரிச்சீங்க? இரண்டு நாளாக நம் அடுப்பில் வெந்த எதையும் அவள் தொடவில்லை. சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள், ஜல்பைகுரிக்கு. அவள் அப்பன் தபஸுக்கு அங்கே இரண்டு பிள்ளைகள், இப்படி ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த வாசலில் நின்று யார் நீ என்று கேட்கப்படப் போகிறவள் உன் மகள். அம்மா வெறுமனே கூப்பிட்டா எடுக்க மாட்டேன், முதல்ல உண்மையை எழுதி அனுப்பட்டும், அப்புறம் எடுக்கறேன் என்கிறாள். அதனால் இன்றைக்கே எழுது. நான் சொல்லச் சொன்னேன் என்று என் தலையில் போடு, அது உண்மையும்தான். ஆனால் பதினைந்து வருஷம் அதைக் காத்தது நீ, அதைச் சுருக்காதே. போகாதே என்று சொல்லாதே, இந்த விஷயத்தில் அவளைத் தடுக்கும் தகுதி நம் இருவருக்கும் இல்லை. நானும் கூட வருகிறேன் என்று சொல், லீவு கொடுக்கவில்லை என்றால் சண்டை போடு.

நேற்று சான்யால் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார். மாஷிமா, சத்தியமா தெரியாது, கைக்கு வந்த தாளை எடுத்தேன் என்று என் காலைத் தொட்டார். நானும் முக்கால்வாசி நம்பிவிட்டேன். அவர் போனபிறகு அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி, ஆனால் உன் கடிதங்கள் மனப்பாடம். அதில் குழந்தை என்ற சொல்லே கிடையாது டுனு, மூன்று இடத்திலும் நீ ரிமி என்று பெயரைத்தான் எழுதியிருக்கிறாய். மூன்றையும் அவர் குழந்தை என்று மாற்றி, ஓரிடத்திலும் தடுக்காமல் வாசித்தார். முன்னாலேயே படித்துப் பழகாதவனுக்கு அது வராது. உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நம் வீட்டு ஹில்சா மீனைத் தின்ற மனுஷன், உன் கையெழுத்து தெரியாதா? அன்றைக்கு மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிமியைக் கூப்பிட்டு, நீ முன்னால வாம்மா, உன் முகம் எனக்குத் தெரியணும் என்று முதல் வரிசைக்கு மாற்றினதும் அவர்தான். வாசிக்கும்போது அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

துர்க்கை உனக்கு வாய்க்குத் தைரியம் கொடுக்கட்டும், ரிமிக்குப் பசியைக் கொடுக்கட்டும். சனிக்கிழமைக்கு முன்னால், மறக்காதே. அந்த சந்தேஷைப் பிரிக்காமல் குப்பை வண்டியில் போட்டேன்.

உன் அம்மா,
விபாவதி

பி.கு.: சுதேஷ்ணாவை மன்னித்துவிட்டேன். ஹாபுலையும். தபஸைக்கூட மன்னிக்கலாம், ஓடிப்போனவன் திரும்பி நின்று நம் முகத்தைப் பார்த்து ரசிக்கவில்லை. என்னை மன்னிப்பது ரிமியின் இஷ்டம். நான் சாகும்வரை மன்னிக்கப் போகாதது ஒரே ஒருவரை, பிரியதோஷ் சான்யால்.