குளிர்காலத்துக்குள் தங்கள் குரல்

டொரன்டோ,
தை 4

மதிப்பிற்குரிய கணவர் கச்சபேசன் அவர்களுக்கு, மங்கையர்க்கரசி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

வெற்றிச் செய்தி ஒன்று. குளிர்காலத்தின் மனநிலையை உணர்த்தும் இசைத்தொகுப்பை இவ்வூர் வானொலி நேயர்களிடம் கேட்டிருந்தது. எவரிடமும் பயிலாமல், கணினியில் நானே பாடல்களைக் கோத்தேன். பனிக்காற்றையும் பியானோவையும் எல்லோரும் சேர்ப்பார்கள். ஆகவே, மார்கழி விடியலில் நம் தெருவில் தறிக்கான பட்டுப்பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டும்போது தாங்கள் பதிவுசெய்து அனுப்பிய கோயில் நாயனத்தை நடுவில் வைத்தேன். அதில் தாங்கள் போட்ட கூச்சலை நீக்க மறந்துவிட்டேன்!

"யோவ், நூலு நீட்டிக்கினு இருக்கோம், கண்ணு தெரியலையா? வண்டிய அப்பால தள்ளிக்கினு போப்பா!"

தலைகுனிய நேருமென்று அஞ்சினேன். முதலிடமே எனக்குக் கிடைத்தது! அக்குரல் கேட்டதும் குளிரில் விழித்தெழும் ஒரு தெருவே கண்முன் நின்றதாக நடுவர்கள் எழுதியுள்ளனர். அதைப் பாட்டென்றே எண்ணி, பாடியவர் யார் என்றும் வினவினர். என் கணவர் என்று பெருமிதத்துடன் பதிலளித்தேன்.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, அனுப்பி வைக்கவும். இன்னொரு பதிவும் வேண்டும். இம்முறை நாயனம் தேவையில்லை. தெருவிலிருந்து என்னைப் பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டால் போதும்.

நிறுத்தத்தில் நின்றபடியே இதை எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

தங்கள்,
மங்கையர்க்கரசி