எடுக்கும்போது சொல்லுங்க மிஸ்

ஷமீம், என் கண்ணே, உனக்கு ஸலாம்.

நஸ்ரினை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு இப்போது நான்தான் சிதம்பரம் கூட்டிப் போகிறேன். சார்ஜா வேலைக்கு நீண்ட லீவு போட்டிருக்கிறேன். லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொண்டு போவீர்கள்? என் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.

உன் மகளுக்கு ஃபிளிக் வரவில்லை. பின்பக்கமாகத் தாவி, கையை ஊன்றிப் புரண்டு எழுவார்களே, அதுதான். நீ வீடியோ எடுத்து அனுப்பிய காலத்தில் அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, கையைத் தூக்குகிறாள், முழங்காலை மடக்குகிறாள், அப்படியே நின்றுவிடுகிறாள்.

கோச் தேன்மொழி மிஸ் அவளைத் திட்டவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாக நிற்க வைத்தார். சரிவான மெத்தையில் உருளச் சொன்னார். தெரிந்ததை எதற்குத் திரும்பக் கற்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை, கேட்டேன். “ஒடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சார். பயம் போற வரைக்கும் சின்னச் சின்னதாத்தான் குடுக்கணும்” என்றார்.

வீட்டில் மெத்தைகளை அடுக்கி நானும் மல்லாக்க விழுந்து பார்த்தேன். பின்னால் மெத்தை இருப்பது தெரியும், ஆனாலும் கால் தரையை விடவில்லை. “கைய காதோட ஒட்டி வைங்க அத்தா. திரும்பிப் பாக்காதீங்க” என்றாள் நஸ்ரின். கடைசியில் ஒரு மாதிரி சரிந்தேன். சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

போன வாரம் மிஸ் அவள் முதுகுக்குக் கை கொடுத்துத் தாவ வைத்தார். கடைசித் தடவை, சத்தமில்லாமல் கையை விலக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அவள் தனியாகவே புரண்டு எழுந்தாள்.

பஸ்ஸில், “மிஸ் புடிச்சிருந்தாங்கல்ல அத்தா?” என்று கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, “இல்லம்மா, கடைசில நீயேதான் பண்ண” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, “சொல்லாம ஏன் கைய எடுத்தாங்க?” என்று அழத் தொடங்கினாள்.

அவள் மிஸ்ஸைப் பற்றித்தான் கேட்டாளா, ஷமீம்? நெஞ்சு வலி என்று உன்னைக் கொண்டு போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீடு வந்து சேரும் வரை அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னது தப்போ? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த வகுப்பில் அவளே மிஸ்ஸிடம் போய், “எடுக்கும்போது சொல்லுங்க மிஸ்” என்றாள். மிஸ் கொஞ்சம் திகைத்து, சரி என்று தலையாட்டினார். முதலில் கை கொடுத்தார். பிறகு, “இப்ப எடுக்குறேம்மா” என்றார்.

நஸ்ரின் வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு தாவினாள். இறங்கும்போது முழங்கால் குத்தி விழுந்தாள், ஆனால் முழுசாகச் சுற்றியிருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்து மறுபடி அதே இடத்தில் போய் நின்றாள்.

கடலூரில் போட்டி வருகிறது. அதில் ஃபிளிக்கைச் சேர்க்கலாமா என்று மிஸ் அவளையே யோசிக்கச் சொல்லியிருக்கிறார். நான் தைரியம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா? யாரைக் கேட்பேன்?

சார்ஜாவில் முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார். போவேனா, இங்கேயே ஒரு வேலை பார்ப்பேனா, அதுவும் தெரியவில்லை. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். போவதென்றால், பழையபடி தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்ப மாட்டேன். அவள் விழித்திருக்கும்போது, முகத்தைப் பார்த்து, சொல்லிவிட்டுத்தான் போவேன்.

உன் நஸ்ரினின் அத்தா,
ஹமீது