படத்தில் இருப்பது என் கை

பிப்ரவரி 3, 2025. திங்கள்.

இன்றும் பத்து ரூபாய்க் காசை ஒருவரும் வாங்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் மீதிக்கு நீட்டினால் தேள் கொட்டியது போலக் கையை இழுத்துக்கொள்கிறார்கள். "செல்லாதுங்க, நோட்டா குடுங்க." போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை இதே பாட்டு. இந்த ஜனம்தான் போனில் ஒரு பழைய ரூபாய்க்கு லட்சம் என்று போட்டிருந்தால் வாயைப் பிளந்து பார்க்கிறது.

நான் மட்டும் யோக்கியனா? என் 1918ஆம் வருஷத்து வெள்ளி ரூபாயை எண்பத்தைந்தாயிரம் என்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. இதே காசை ஒருவன் ஒன்றே கால் லட்சம் போட்டிருந்தான். நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். போளூர் நகைக் கடைக்காரர் எடை போட்டு ஆயிரத்துச் சொச்சம் என்றார். அவருக்கு என்ன தெரியும்? இருநூற்றுப் பதினாறு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை. நடைக்கு நடை போனை எடுத்துப் பார்க்கிறேன். டிரைவர் வீரன் சிரிக்கிறான்.

பிப்ரவரி 9

ஒருவர் கேட்டார். "கடைசி விலை?" எண்பது என்றேன். ஆளையே காணோம்.

பிப்ரவரி 20. வியாழன்.

போன் விளம்பரங்களில் ஏழு இடத்தில் என் படம்! அதே காசு, அதைத் தாங்கிய என் இடது உள்ளங்கை, வண்டிக் கதவில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல்கூட அப்படியே. விலை 1,999. 'மூன்றுதான் மீதம், உடனே வாங்குங்கள்' என்று சிவப்பு எழுத்து. இருப்பதே ஒன்று, அது என் பீரோவில் இருக்கிறது. அப்படியென்றால் இவர்கள் எதை அனுப்புகிறார்கள்?

புகார் கொடுத்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. நான் என்ன கருத்தா சொன்னேன்?

என் மனைவி பச்சையம்மாவிடம் காட்டினேன். "வூட்ல ஒரு வேலைக்கு ஆவாத கை, ஊரெல்லாம் யாவாரம் பண்ணுதே" என்றாள்.

மார்ச் 6

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதிய நடையில் தீர்த்தகிரி ஏறினார். மலையில் புளியும் சாமையும் வைத்திருப்பவர், பல வருஷமாக நம் வண்டியில் வந்துபோகிறவர். போளூரில் புளியைப் போட்டுவிட்டு வெறும் சாக்கோடு திரும்புகிறார். பின் படிக்கட்டு சீட்டில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"கண்டக்டர் சார், நீங்க காசு சேக்கறவரு. இத பாத்து சொல்லுங்க."

1918 ராஜா தலை. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, கனமே இல்லை. வீரன் தன் சீட்டுக்கு முன்னால் வைத்திருக்கும் சாமி படத்தின் காந்தத்தில் வைத்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"டூப்ளிகேட்டுங்க" என்றேன்.

"அது எனக்கே தெரியும். குழி இல்லியே." போனைத் திறந்து காட்டினார். என் கை. "படத்துல பாருங்க, ராஜா காது கிட்ட சின்னதா குழி. மாலையில கோக்கலாம்னு எங்கப்பன் ஆணி வச்சி, மனசு வராம பாதியில வுட்டது. எங்க வூட்ல பொண்ணுக்குப் பரியம் போடறப்ப தட்டுல வைக்கிற காசுங்க இது. பன்னண்டு வருசம் முன்ன காணாமப் போச்சி. படத்த பாத்ததும் நம்ம காசு வந்துடும்னு பணத்தக் கட்டினேன். இத அனுப்பிட்டான்."

"யாருங்க எடுத்திருப்பாங்க?"

"யாரு, என் மச்சான் தங்கவேலுதான். எம் பொண்டாட்டி அவங்க அண்ணனுக்குக் குடுத்துட்டான்னு எங்கம்மா அன்னிக்கே சொல்லிச்சி. இப்ப அவன் நெட்ல போட்டு விக்கிறான். இது அவன் கைதான்."

"அவருக்கு விரல் இப்படிக் கோணலா இருக்குமா?"

"அவன் மூஞ்சியப் பாத்தே பன்னண்டு வருசம் ஆச்சி. விரல எங்க பாக்கறது?"

வைகாசியில் அவர் மகனுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குப் பத்திரிகை கிடையாதாம்.

நான் எப்போதும் நோட்டுகளை இடது கை விரலிடுக்கில் மடித்து வைத்திருப்பேன். அதனால் என் சுண்டுவிரல் யார் கண்ணிலும் படாது. ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும் வரை அந்த நோட்டுகளைக் கீழே வைக்கவில்லை.

மார்ச் 7

2013, தை மாதம். முதல் நடை, விடியாத இருட்டு. போளூரில் பையைக் கொட்டி எண்ணும்போது அந்த வெள்ளி ரூபாய் கிடந்தது. என் பையிலிருந்து ஒரு ரூபாயைப் போட்டேன், அதை எடுத்துக்கொண்டேன். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய், யாருக்கும் நஷ்டமில்லை. யார் கொடுத்தது என்று தெரியாது. இத்தனை வருஷமாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிவருகிறேன்.

மார்ச் 11

பொய். தெரியும்.

காய்ச்சலில் துவண்ட பத்து வயசுப் பையனை மடியில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த பெண். அவசரத்தில் வீட்டிலிருந்து அள்ளிவந்த பிடிச் சில்லறையை எண்ணாமல் என் கையில் கொட்டியவள் அவள் ஒருத்திதான். தீர்த்தகிரியின் மனைவி திரௌபதி. நாலு நாள் கழித்து அதே படிக்கட்டருகே நின்று, "வண்டியில காசு எதனா கெடச்சிதா சார்?" என்று கேட்டாள். இல்லீங்க என்றேன்.

அந்தப் பையனுக்குத்தான் இப்போது கல்யாணம்.

மார்ச் 19

பேர் போடாமல் பார்சலில் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எவ்வளவு சுலபம்! மனசு லேசாகி, பச்சையம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பார்சல்ல போனா இன்னா சொல்வாங்க? மச்சான் பயந்துக்கினு அனுப்பிட்டான்னு தானே? திருட்டுப் பட்டத்த நீங்களே முத்திரை குத்தி அனுப்பறீங்க."

எனக்கு அது உறைக்கவே இல்லை. என் தலை தப்பினால் போதும் என்று நினைத்திருக்கிறேன். சீ.

மார்ச் 28

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2. புதன்.

திரௌபதி தனியாக ஏறினாள். டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் நோட்டு நீட்டினாள். மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது, இவள் ஒருநாளும் சில்லறையாகத் தருவதில்லை. எப்போதும் நோட்டுத்தான். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், இன்றுதான் கவனித்தேன்.

சொல்ல வாயெடுத்தேன். விசில்தான் ஊதினேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. சென்னைக்காரர் ஒருவர் நாற்பதாயிரம் தருகிறேன் என்று செய்தி அனுப்பினார். ஒரு நிமிஷம் — ஒரு நிமிஷம்தான் — ஆசை வந்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. 'பதிவுக் கட்டணம்' ஆயிரத்து ஐந்நூறு முதலில் நான் கட்ட வேண்டுமாம். திருடனுக்கும் தேள் கொட்டும் என்பது சரிதான். விளம்பரத்தை எடுத்துவிட்டேன். மற்ற ஏழும் அப்படியே இருக்கின்றன.

ஏப்ரல் 24

சொல்லிவிட்டேன்.

இருவரும் மஞ்சள் பையில் பத்திரிகைக் கட்டோடு ஏறினார்கள். வண்டியில் பாதிக் கூட்டம். தீர்த்தகிரி எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கவில்லை. விரலிடுக்கில் இருந்த நோட்டுகளைப் பையில் திணித்தேன். "அந்தப் படத்த எடுங்க" என்றேன். ஒரு மாதமாகச் சட்டைப் பையில் சுமந்த காசை இடது உள்ளங்கையில் வைத்து, போனுக்குப் பக்கத்தில் நீட்டினேன். குழியும் கோணல் விரலும் அவர் கண்முன்னே இருந்தன.

"உங்க மச்சான் எடுக்கலீங்க. இவங்க சில்லறையோட இருட்டுல குடுத்துட்டாங்க. நான் எடுத்து வச்சிக்கினேன்."

தீர்த்தகிரி என் சட்டையைப் பிடித்தார். வீரன் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டான். திரௌபதி எழுந்திருக்கவே இல்லை.

"வுடுங்க. அன்னிக்கி என்ன வூட்ட வுட்டுத் தொரத்துனீங்களே, அப்ப யார் சட்டையப் புடிச்சீங்க?"

அவர் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் என்னைப் பார்த்தாள்.

"இங்கதான நின்னு கேட்டேன் சார். இதே எடத்துல."

ஆமாங்க என்றேன்.

காசை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். தொடவில்லை. "எங்க அண்ணன் வூட்டு வாசல்ல வந்து இத சொல்லுங்க. அப்பறம் வாங்கிக்கறேன்."

ஏப்ரல் 27. ஞாயிறு.

போனேன். தீர்த்தகிரியும் திரௌபதியும் கூட வந்தார்கள். தங்கவேல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், முதலில் எனக்கு. பிறகு இரண்டு கைகளையும் விரித்து மைத்துனர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நல்லா பாத்துக்க மச்சான்."

பத்து விரலும் நேராக இருந்தன. தீர்த்தகிரி குனிந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். திரௌபதி என் உள்ளங்கையிலிருந்து காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

மே 12

சேதி மலை முழுக்கப் பரவிவிட்டது. ஏறுகிறவர்கள் எல்லாம் மீதியை இரண்டு தடவை எண்ணுகிறார்கள். எண்ணட்டும்.

ஜூன் 5

முதல் நடையில் தங்கவேல் குடும்பத்தோடு ஏறினார், ஏழு சீர்த் தட்டுகளுடன். தட்டுகளுக்கும் சேர்த்து சீட் பிடித்துக் கொடுத்தேன். எனக்குப் பத்திரிகை இல்லை.

ஜூன் 9. திங்கள்.

திரௌபதி புது மருமகளோடு ஏறினாள். பையிலிருந்து சில்லறையை அள்ளினாள். சில்லறை! நான் இடது கையை நீட்டினேன். ஒவ்வொரு காசாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். மூன்று பத்து ரூபாய், ஓர் ஐந்து, ஒரு ரூபாய் ஒன்று.

"நல்லா பாருங்க சார். தப்பா எதனா குடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க."

குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. பின்னால் ஆட்கள் டிக்கெட்டுக்குக் காத்திருந்தார்கள். நான் ஐந்து காசையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

"எல்லாம் சரியாத்தாங்க இருக்குது."

நான் பார்த்து முடிக்கிற வரை நின்றுவிட்டு, பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.