நாற்பத்தொரு மாடுகள்

அக்டோபர் 7, சோமா, ஜாம்பியா

ப்வால்யா இன்றும் இரண்டு கடன் எழுதிவிட்டாள். தலைநகர் லுசாகாவிலிருந்து வந்து எட்டு மாதம்தான். இந்த வங்கிக் கிளையில் ஒன்பது வருடமாக இருக்கும் நான் இந்த மாதம் எழுதியது பூஜ்யம். யாருக்குக் கொடுப்பது? நிலமெல்லாம் குலத்தலைவர் பொறுப்பில், பட்டா கிடையாது. அவளோ மாட்டை ஈடாக வைக்கத் தலைமையகத்தில் அனுமதி வாங்கிவிட்டாள். மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "சூல்வே, நீ இந்தப் பக்கத்து டோங்காக்காரன், மாட்டோடயே வளந்தவன். உனக்கு இது தோணலியா?" சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிசம்பரில் கடன் பிரிவுத் தலைவர் பதவி காலியாகிறது.

அக்டோபர் 15

அறிக்கையை என் மேசையில் வைத்தாள். "அண்ணே, நீங்க இந்த ஊர்க்காரர். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்." மக்காச்சோளம் போடும் மூங்காவுக்குக் கடன். தொழுவத்தில் நாற்பத்தொரு மாடுகள். ஒவ்வொன்றையும் படம் பிடித்திருக்கிறாள். "உங்ககிட்ட எத்தனை மாடு இருக்குன்னேன். பெரியவர் பளிச்சுனு சொல்லிட்டார்."

'உங்ககிட்ட' என்று கேட்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் தொழுவத்தில் நிற்பதெல்லாம் அவர் மாடு இல்லை. நோய் வந்தால் மொத்தமும் போய்விடக் கூடாதென்று மச்சான், மருமகன் எனப் பிரித்து வாரத்துக்கு விடுவோம். பாலும் உழவும் வளர்க்கிறவருக்கு, மாடு நமக்கு. யாருடையது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

"நல்லா இருக்கு" என்றேன்.

அக்டோபர் 16

சொல்லியிருக்கலாம். சொல்லி? அந்தப் பேரும் அவளுக்குத்தானே போகும்?

டிசம்பர் 4

பதவி அவளுக்கு. கேக் வெட்டினார்கள். எனக்குப் பெரிய துண்டு கொடுத்தாள் — வேண்டுமென்றே கொடுத்தாளா?

பிப்ரவரி 20

ஐந்து வாரமாக மழை இல்லை. சோளம் கருகிவிட்டது. எனக்குச் சந்தோஷமா? இல்லை. கொஞ்சம்.

ஜூலை 3

மூங்கா தவணை கட்டவில்லை. மாடுகளை ஏற்றிவர அவள் லாரியோடு போனாள். மேலாளர் என்னையும் அனுப்பினார். தொழுவ வாசலில் பதினோரு பேர் நின்றார்கள்.

"அந்தச் செவலை என்னது."

"இந்த மூணும் எங்க அக்காவோடது. கைய வச்சுப் பாரு!"

மூங்காவுக்கென்று மிஞ்சியது ஒன்பது. "என்கிட்ட எத்தனைன்னுதானேம்மா கேட்டே?" என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உனக்குமா தெரியாது?"

அவளும் என்னைப் பார்த்தாள். நான் லாரி டிரைவரிடம் ஏதோ பேசப் போனேன்.

ஆகஸ்ட் 12

அவளை லுசாகாவுக்கே மாற்றிவிட்டார்கள். மாட்டுக் கடன் நின்றுபோனது. பணமெல்லாம் இனி அரசுப் பத்திரத்துக்கு. பிரிவுத் தலைவர் நாற்காலி எனக்கு. இல்லை என்று சொல்வதுதான் வேலை. இன்று மூன்று விவசாயிகள் வந்தார்கள், மூவரிடமும் சொன்னேன். மூவரும் எழுந்து போகும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அந்தப் பொண்ணு எப்ப வரும்?"