என் தம்பிதான் தலைவர்

தோஹா
12.03.2006

அன்புள்ள புஷ்பராணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கூசுகிறது.

நீ தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக வந்ததை எழுதியிருந்தாயே, அதை நான் இங்கே மறைத்துவிட்டேன். அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்து, "எங்க தோட்டத்துல என் தம்பிதான் தலைவரு" என்று சொல்லிவைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை எஹலியகொடயிலிருந்து யோகராஜ் என்பவர் எங்கள் அறைக்குப் புதிதாக வந்தார். நம் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அக்கா ஒங்க தோட்டத்துலதாங்க வாக்கப்பட்டிருக்கு. அதுக்குப் புள்ள வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தோட்டத்துத் தொர லொறி தரமாட்டேன்னுட்டாரு. ஒங்க தலைவரு புஷ்பராணி அக்காதான் பொம்பளைங்கள கூட்டிக்கிட்டுப் போயி, பங்களா வாசல்ல ஒக்காந்து லொறிய வாங்குனாங்க. தாயும் புள்ளையும் பொழைச்சாங்க. அவங்கள ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

அறையே என்னைப் பார்த்தது. "என் வீட்டுக்காரிதாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், உன்னை நினைத்து அல்ல.

அந்த லொறி விஷயத்தை நீ எனக்கு எழுதவேயில்லை. சங்கத்துக் கதையெல்லாம் எழுதாதே என்று நான்தானே சொன்னேன். இனிமேல் எழுது, நீளமாக எழுது. யாராவது வந்தால் கொஞ்சம் கொரக்காப் புளியும் கொடுத்துவிடு. இங்கே நான் வைக்கும் மீன்குழம்பில் நம் வீட்டு ருசியே இல்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்து ஹோர்ன் அடிக்கிறது.

இப்படிக்கு,
தலைவர் வீட்டுக்காரன்
ஜெகநாதன்